சுவருக்குள் ஓடுவது எத்தனை ஸ்கொயர்? வீட்டு வயரின் அளவைக் கண்டுபிடிப்பது எப்படி

சட்டைப் பையிலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைப்பார்கள். “அண்ணே, இதே மாதிரி பத்து மீட்டர் குடுங்க.” எலெக்ட்ரிக்கல் கடையில் நின்ற பதினேழு வருடத்தில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேனோ தெரியாது. துண்டை விரலிடுக்கில் உருட்டிப் பார்ப்பேன். “இது ஒன்றரை”, “இது ரெண்டரை” என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஒருமுறை தப்பிவிட்டது. கடையில் சேர்ந்த புதிது. ஒருவர் பழைய சிவப்பு வயர்த் துண்டு ஒன்றை நீட்டி, என்ன சைஸ் என்று கேட்டார். நல்ல தடிமன். ரெண்டரை என்றேன். அவர் வயர் எதுவும் வாங்கவில்லை, தலையாட்டிவிட்டுப் போனார். அந்த லைனில் 3 கிலோவாட் கீசர் மாட்டலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறார். என் வாய்ச்சொல்லை நம்பி மாட்டியும் விட்டார். பத்து நாள் கழித்து ஒரு சாக்கெட்டைக் கொண்டுவந்து அதே கவுண்டரில் வைத்தார். மூன்று துளையில் ஒன்று மட்டும் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. பின்பக்கம் தொங்கிய வயரைத் தொட்டேன், தோல் ரஸ்க் போல நொறுங்கியது. உள்ளே ஒற்றைக் கம்பி. அளந்தால் ஒரு ஸ்கொயருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நான் பார்த்த தடிமன் அத்தனையும் தோல். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதனால் வெளித்தடிமனை வைத்து அளவு சொல்லாதீர்கள், உள்ளே இருக்கும் செம்பைக் கணக்குப் பண்ணுங்கள். புதிய பாயின்ட் போடுவதோ, கீசர், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு என்று லோடு கூட்டுவதோ, கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சான எம்.சி.பி.யை மாற்றுவதோ, எதுவானாலும் இந்தக் கணக்கு முதலில் வேண்டும்.

ஸ்கொயர் என்றால்

கடையில் “ஒன்றரை ஸ்கொயர்” என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர். வயரைக் குறுக்கே வெட்டினால் தெரியும் செம்பின் பரப்பு அது, விட்டம் அல்ல. புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஸ்கேலை வைத்துப் பார்த்து “ஒன்றரை மில்லி இருக்கு, அப்ப இது ஒன்றரைதானே” என்பார்கள். ஒற்றைக் கம்பியின் விட்டம் ஒன்றரை மில்லி என்றால் பரப்பு ஏறக்குறைய 1.77. இரண்டும் வேறு.

வீடுகளில் புழங்குவது 1, 1.5, 2.5, 4, 6 ஸ்கொயர். இந்த ஐந்துக்குள் உங்கள் வயர் எது என்று கண்டுபிடித்தால் போதும்.

கை வைப்பதற்கு முன்

மெயினை இறக்குங்கள். அதோடு இன்வெர்ட்டரையும் அணையுங்கள். மெயினை இறக்கிவிட்டு நிம்மதியாகச் சுவிட்ச் பாக்ஸைக் கழற்றுகிறவர்கள் மறப்பது இதைத்தான். கரண்ட் போனதாக நினைத்து இன்வெர்ட்டர் உடனே தன் லைனுக்கு 230 வோல்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். ஹால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் வீட்டில் இன்னும் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம்.

டெஸ்டரை எடுத்து, அணைப்பதற்கு முன்பே கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பாருங்கள். டெஸ்டர் வேலை செய்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். பிறகு அணைத்துவிட்டு, நீங்கள் தொடப்போகும் ஒவ்வொரு வயரிலும் வையுங்கள், கறுப்பு வயர் உட்பட. கறுப்பு நியூட்ரல் என்பது வழக்கம்தான். உங்கள் வீட்டில் வயரிங் செய்தவர் அன்று கையில் எந்த நிற வயர்ச் சுருள் (காயில்) இருந்ததோ அதை இழுத்திருக்கலாம். மீட்டருக்கு முந்தைய வயர் ஈ.பி.யுடையது. அதன் சீலில் கை வைக்கவே கூடாது. இவ்வளவையும் படித்துத் தயக்கமாக இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கீழே உள்ளதை அவரைச் செய்யச் சொல்லி நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதலில் தோலைப் படியுங்கள்

நல்ல வயரில் தோலின் மேலேயே எல்லாம் எழுதியிருக்கும். கம்பெனிப் பெயர், ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 694, 1100 வோல்ட், எஃப்.ஆர்., பிறகு 1.5 அல்லது 2.5 என்று அளவு. காய்ந்த துணியால் துடைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். 694 என்பது இந்தியத் தர நிர்ணய எண். 1100 என்பது தோல் தாங்கும் மின்னழுத்தம். எஃப்.ஆர். என்றால் தோல் எளிதில் தீப்பற்றிப் பரவாது. இந்த மூன்றுக்கும் அளவுக்கும் சம்பந்தமில்லை. “1100னு போட்டிருக்கு, ஆயிரம் வாட்ஸ் தாங்கும்ல?” என்று கேட்டவர்கள் உண்டு.

சுவிட்ச் பாக்ஸில் வெளியே தெரிவது விரல் நீளம்தான் என்பதால் எழுத்து அங்கே விழாமல் போகலாம். எம்.சி.பி.க்கள் இருக்கும் பெட்டியான டி.பி.யைத் திறந்தால் வயர் நீளமாக வளைந்து கிடக்கும். அங்கே தேடுங்கள்.

எழுத்து கிடைத்தாலும் அதோடு நிறுத்த வேண்டாம். தோலில் 1.5 என்று அச்சடிக்கப் பெரிய செலவு ஆகாது. செம்புக்குத்தான் காசு.

இழையை எண்ணுங்கள்

முனையில் இரண்டு சென்டிமீட்டர் தோலை உரியுங்கள். பிளேடை வயரைச் சுற்றி லேசாக ஓட்டிவிட்டு இழுத்தால் தோல் கழன்று வரும். அழுத்தினால் இழைகள் வெட்டுப்பட்டு விழும், கணக்கும் தப்பும், வயரும் மெலியும். உரித்ததும் முறுக்கைப் பிரித்து ஈர்க்குச்சி விளக்குமாறு மாதிரி விரியுங்கள். கீழே வெள்ளைத் தாளை வைத்து, ஊசியால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கி எண்ணுவது இன்னும் சுலபம். இரண்டு முறை எண்ணி இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

இப்போது வரும் வீட்டு வயர்களில் அதிகம் காண்பது 0.3 மில்லிமீட்டர் இழை. அதில் கணக்கு இப்படி வரும்:

14 இழை என்றால் 1 ஸ்கொயர்
22 இழை 1.5
36 இழை 2.5
56 இழை 4
84 இழை 6

எண்ணிக்கை மட்டும் போதாது. 0.25 மில்லி இழையிலும் வயர் செய்கிறார்கள். அதில் 30 இழை சேர்ந்தால் 1.5, 50 இழை சேர்ந்தால் 2.5. 0.2 மில்லி இழை என்றால் 24 சேர்ந்து முக்கால் ஸ்கொயர், 32 சேர்ந்து ஒரு ஸ்கொயர். 32 இழை எண்ணிவிட்டு, 36க்குப் பக்கம்தானே, ரெண்டரையாக இருக்கும் என்று முடிவு கட்டினால் ஒரு ஸ்கொயர் வயரில் கீசரை மாட்டியதாக ஆகும்.

ஓர் இழையின் விட்டம்

பிளஸ் ஒன் இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்க்ரூ கேஜில் கம்பியின் விட்டம் அளந்தது நினைவிருக்கிறதா? சுழித் திருத்தம் எல்லாம் எழுதி, மார்க் வாங்கி, மறந்துபோன பாடம். அதற்கு வாழ்க்கையில் உபயோகம் இங்கேதான். ஸ்க்ரூ கேஜோ, டிஜிட்டல் வெர்னியரோ கிடைத்தால் ஓர் இழையைப் பிடித்து அளந்துவிடலாம். நான்கைந்து இழைகளை அளந்து பாருங்கள்.

கருவி இல்லையென்றால் ரீஃபில் போதும். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான வயர்த் துண்டிலிருந்து ஓர் இழையை உருவி, பால்பாயின்ட் ரீஃபிலின் மேல் இடைவெளி இல்லாமல் இருபது சுற்று சுற்றுங்கள். நகத்தால் நெருக்கிவிட்டு, சுருளின் நீளத்தை ஸ்கேலில் பாருங்கள். 6 மில்லி வந்தால் இழை 0.3. 5 வந்தால் 0.25. 4 வந்தால் 0.2. தனியாக ஓர் இழையை ஸ்கேலில் வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்கவே முடியாது. இருபது மடங்கு ஆக்கினால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

பிறகு பெருக்கல்: விட்டம் × விட்டம் × 0.785 × இழைகளின் எண்ணிக்கை. 0.3ஐ 0.3ஆல் பெருக்கினால் 0.09. 0.785ஆல் பெருக்கினால் 0.0707. அதை 22ஆல் பெருக்கினால் 1.55. ஒன்றரை ஸ்கொயர் உறுதி.

அதே 22 இழை, ஆனால் இழை 0.25 என்று வந்தால்? 1.08தான் வரும். ஒன்றரை என்று எழுதி ஒரு ஸ்கொயரை விற்றிருக்கிறார்கள். இப்படிப்பட்ட காயில்கள் என் கைக்கு வந்திருக்கின்றன. எண்ணிப் பார்க்கிறவருக்கு எண்ணிக்கை சரியாக இருக்கும்படி செய்திருப்பார்கள். விட்டத்தை அளக்கிறவர் குறைவு என்று அவர்களுக்குத் தெரியும்.

எதிர்ப்பக்க எச்சரிக்கையும் ஒன்று உண்டு. கணக்கில் 1.45 வந்தது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தர நிர்ணயத்தில் பரப்பு பெயரளவுதான், உண்மையான பரீட்சை மின்தடையில் நடக்கிறது. ஒன்றரை ஸ்கொயர் மென்வயர் 20 டிகிரி வெப்பத்தில் கிலோமீட்டருக்கு 13.3 ஓமைத் தாண்டக் கூடாது, 90 மீட்டர் காயிலுக்கு 1.2 ஓம். செம்பு சுத்தமாக இருந்தால் பரப்பு ஒரு மயிரிழை குறைந்தாலும் அதில் தேறிவிடும்.

பழைய வீடு: மூணு இருபத்திரண்டு, ஏழு இருபது

ஓடு மாற்றி மாடி கட்டிய வீடுகளில், மரப்பட்டியல் மேல் கிளிப் அடித்து ஓடும் பழைய வயரிங் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் மெல்லிய இழைகள் இருக்காது. கெட்டியான கம்பி ஒன்றோ, மூன்றோ, ஏழோ இருக்கும். நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அதைச் சுற்றி அதே நாணயங்களை அடுக்கிப் பாருங்கள், சரியாக ஆறு கொள்ளும். ஏழு என்ற எண் அங்கிருந்து வந்தது.

வயதான வயர்மேன்கள் இதை “மூணு இருபத்திரண்டு”, “ஏழு இருபது” என்பார்கள். 3/22 என்று எழுதினால் 22ஆம் நம்பர் கம்பி மூன்று. நம்பர் ஆங்கிலேயர் காலத்து ஸ்டாண்டர்டு வயர் கேஜ், 1884இல் பிரிட்டனில் சட்டமாக அமலுக்கு வந்த அளவு. கம்பியைத் துளைத்தகட்டில் திரும்பத் திரும்ப இழுத்து மெலிய வைப்பார்கள். அதிகமாக இழுத்தால் நம்பரும் ஏறும். அதனால் நம்பர் கூடக் கூடக் கம்பி மெலியும். புதியவர்களுக்கு இது தலைகீழாகத்தான் படும்.

18ஆம் நம்பர் கம்பியின் விட்டம் 1.22 மில்லி, 20ஆம் நம்பர் 0.91, 22ஆம் நம்பர் 0.71. மேலே சொன்ன பெருக்கலையே போட்டால் 1/18க்கு 1.17 ஸ்கொயர், 3/22க்கு 1.19, 3/20க்கு கிட்டத்தட்ட 2, 7/22க்கு 2.78, 7/20க்கு 4.6 என்று வரும். அதாவது பழைய வீட்டின் லைட் லைனில் ஓடும் 3/22, பார்க்க எவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும், இன்றைய ஒரு ஸ்கொயரைவிடக் கொஞ்சம்தான் மேல்.

இலங்கையில் 7/0.67, 7/0.85 என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அது நம்பர் அல்ல, நேராக மில்லிமீட்டர். 7/0.67 என்றால் 2.5 ஸ்கொயர், 7/0.85 என்றால் 4. ஆன்லைனில் வாங்கும் வயரில் ஏ.டபிள்யூ.ஜி. 14, 12 என்று இருந்தால் அது அமெரிக்கக் கணக்கு. அதில் 14ஆம் நம்பர் 2.08 ஸ்கொயர். பிரிட்டிஷ் கணக்கில் அதே 14ஆம் நம்பர் 3.24. நம்பரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள்.

உள்ளே இருப்பது செம்புதானா

வெட்டிய முனை வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியமாக இருக்கலாம், வெள்ளீயம் பூசிய செம்பாகவும் இருக்கலாம். பழைய ரப்பர் தோல் வயர்களில் ரப்பரில் இருக்கும் கந்தகம் செம்பை அரிக்காமலிருக்க வெள்ளீயம் பூசுவார்கள். கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே சிவந்தால் செம்பு. கடைசி வரை வெள்ளையென்றால் அலுமினியம். அதே பரப்புள்ள செம்பு கடத்துவதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் அது கடத்தும், அதனால் 2.5 அலுமினியத்தை 1.5 செம்பாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் முனையோடு புதுச் செம்பு வயரைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றாதீர்கள். அந்த ஜாயின்ட் நாளடைவில் தளர்ந்து சூடாகும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்று, அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர். வெளியே தகதகவென்று இருக்கும், சுரண்டினால் வெளுக்கும். மெல்லிய இழையில் சுரண்டிப் பார்ப்பது கஷ்டம் என்றால் எடை போட்டுவிடுங்கள். எனக்குப் பிடித்த முறை இதுதான். சரியாக ஒரு மீட்டர் வயரை வெட்டி, தோல் முழுவதையும் உரித்து, செம்பை மட்டும் சுருட்டி எடுங்கள். தெரிந்த நகைக்கடையிலோ, கிராம் காட்டும் சமையலறைத் தராசிலோ வையுங்கள். ஒரு ஸ்கொயர் செம்பு மீட்டருக்கு 8.9 கிராம். ஆகவே 13.3 கிராம் நின்றால் ஒன்றரை, 22 நின்றால் ரெண்டரை, 35 அரை நின்றால் நாலு. ஒன்றரை என்று வாங்கியது ஐந்து கிராம் சொச்சம்தான் நிற்கிறது என்றால் அது பூச்சு வேலை. இழையை எண்ணவும் வேண்டாம், விட்டம் அளக்கவும் வேண்டாம். எண்ணிக்கை, விட்டம், உலோகம் மூன்றிலும் செய்த திருட்டைத் தராசு ஒரே அடியில் காட்டிவிடும்.

புதுக் காயில் வாங்கும்போதும் இது உதவும். 90 மீட்டர் ஒன்றரை ஸ்கொயர் காயிலில் செம்பு மட்டும் 1.2 கிலோ இருக்க வேண்டும், தோலின் எடை அதற்கு மேல். ரெண்டரை என்றால் செம்பு மட்டும் 2 கிலோ. மொத்தக் காயிலே அதைவிடக் குறைவாக நின்றால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

அளவு தெரிந்த பிறகு

டி.பி.க்குப் போய், அந்த லைனின் எம்.சி.பி.யில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சி 16 என்றால் 16 ஆம்பியர். பைப்புக்குள் ஓடும்போது ஒரு ஸ்கொயர் சுமார் 11 ஆம்பியர் தாங்கும், ஒன்றரை 14, ரெண்டரை 19 அல்லது 20, நாலு 26. ஒரே பைப்பில் பல வயர் திணித்திருந்தால் இன்னும் குறையும். எம்.சி.பி.யின் எண் இதற்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு ஸ்கொயருக்கு 6, ஒன்றரைக்கு 10, ரெண்டரைக்கு 16, நாலுக்கு 20 அல்லது 25 என்று நான் சொல்வேன்.

எம்.சி.பி. இருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். “அடிக்கடி விழுது, 32 போட்டுக் குடுங்க” என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் வயரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். ஒன்றரை ஸ்கொயருக்கு 32 போட்டால் எம்.சி.பி. விழாது, அதற்குப் பதில் வயர் எரியும். பீங்கான் ஃப்யூஸ் கட்டையில் வயர் இழையை நாலு முறுக்கிச் சொருகுவதும் இதே கதைதான். 5 ஆம்பியர் ஃப்யூஸுக்கு உரிய கம்பி 0.2 மில்லி, 15 ஆம்பியருக்கு 0.5 மில்லி.

ஒரு லைனுக்கு ஓர் இடத்தில் பார்த்தால் போதாது. டி.பி. முனையையும் சாக்கெட் முனையையும் பாருங்கள். டி.பி.யில் நீல நிறத்தில் 36 இழை, சாக்கெட்டில் மஞ்சள் நிறத்தில் 22 இழை என்றால் நடுவில் எங்கோ ஜாயின்ட் இருக்கிறது. அப்போது அந்த லைன் முழுவதுமே ஒன்றரைதான். மெலிந்த துண்டின் அளவுக்குத்தான் எம்.சி.பி. போட வேண்டும்.

லோடைக் கணக்கிட வாட்ஸை 230ஆல் வகுங்கள். 2000 வாட்ஸ் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட்ஸ் என்றால் 13. லைட், ஃபேனுக்கு ஒன்றரை தாராளம். 16 ஆம்பியர் பிளக்குக்கு ரெண்டரை. கீசருக்கும் ஏசிக்கும் தனி லைன், முடிந்தால் நாலு ஸ்கொயர். காசு மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள், இதில் வேண்டாம். சுவரை மறுபடி உடைக்கும் கூலியை நினைத்தால் வயர் விலை ஒன்றுமேயில்லை.

கடைக்கு வரும்போது துண்டோடு ஒரு சீட்டும் கொண்டுவாருங்கள்: எத்தனை இழை, எம்.சி.பி. எத்தனை, அந்த லைனில் என்னென்ன ஓடுகிறது, நீளம் எத்தனை மீட்டர். துண்டு வெட்டுவதற்கு முன், மிச்சம் இருக்கும் வயர் திரும்பவும் சுவிட்சின் திருகு வரை எட்டுமா என்று இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பிளுக்கென்று வெட்டிவிட்டு, அரை விரல் எட்டாமல் சுவரைக் கொத்தியவர்களும் நம் கடைக்கு வந்திருக்கிறார்கள்.